முதல் அறிவியல் சிறுகதை: அசிமோவா, பிராட்பரியா?

அறிவியல் புனைவை இதுவரை தொடாத நண்பருக்கு ஐசக் அசிமோவின் 'நைட்ஃபால்' (1941), ரே பிராட்பரியின் 'தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்' (1950) ஆகிய இரண்டில் எதை முதலில் தருவது என்பது அவருடைய வாசிப்புச் சுவையைப் பொறுத்தது. ஆறு சூரியன்கள் ஒளிரும் கோளில் 2049 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் இருள் சூழ்ந்தால் மனித மனம் என்னவாகும் என்று அசிமோவ் கேட்கிறார். துப்பறியும் கதைகளை விரும்புவோர் அந்தத் தர்க்கத்தில் ஒன்றிவிடுவர், ஆயினும் உரையாடல்கள் நீளமானவை. பிராட்பரியின் கதையில் உயிருடன் ஒரு மனிதர்கூட இல்லை: அணுகுண்டில் குடும்பம் அழிந்த பின்னும் தானியங்கி வீடு காலை உணவைச் சமைக்கிறது, கருகிய வெளிச்சுவரில் அவர்களுடைய உருவரைகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. கவிதையும் குடும்பக் கதைகளும் படித்துப் பழகியவருக்கு, சில பக்கங்களே கொண்ட இதைத்தான் நான் தயங்காமல் தருவேன். அசிமோவை அதன் பிறகு கொடுத்தால் போதும்.