அல்சூரில் கட்டிய ஃபிக்ஸட் கியர் சைக்கிள்: எதில் சிக்கனம், எதில் கூடாது

பெங்களூரில் அலுவலகம் போய்வர ஃபிக்ஸட் கியர் சைக்கிள் ஒன்று வேண்டும் என்று கடைகளில் தேடுபவர், வகைகள் குறைவு, விலையோ அதிகம் என்பதை விரைவிலேயே கண்டுகொள்வார். அதற்கு மாற்றாக, பழைய ரோட்ஸ்டர் (கியர் இல்லாத, கனமான சாதாரண சைக்கிள்) ஃபிரேமில் புதிய பாகங்களையும் பழைய பாகங்களையும் கலந்து அல்சூரில் கட்டுவித்த வண்டியைக் கடந்த மழைக்காலத்திலிருந்து காக்ஸ் டவுனுக்கும் கோரமங்கலாவுக்கும் இடையே ஓட்டிவருகிறேன். மொத்தச் செலவு ஏறத்தாழ ரூ. 14,000. அதில் பாதிக்கு மேல் பின்சக்கரத்துக்கும் முன்பிரேக்குக்கும் போயிற்று. அந்தப் பங்கீடு சரியானது என்பதும், அந்த இரண்டிலும் மிச்சம் பிடிப்பதாக இருந்தால் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பதும் என் தீர்மானமான கருத்து.

இந்த வகை வண்டியைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு விளக்கம். மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியே சுழலவிடும் ஃப்ரீவீல் இதில் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் காலை ஓய்வாக வைத்துக்கொள்ள முடியாது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டியின் வேகம் குறையும். கியர் மாற்றும் கருவிகள் இல்லாததால் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை என்பதே நாள்தோறும் ஓட்டுபவருக்கு இதில் உள்ள பெரிய ஆதாயம்.

ஃபிரேம், சிவாஜிநகரின் பழைய பொருள் சந்தையான குஜ்ரியில் கிடைத்த பழைய ஹெர்குலிஸ் ரோட்ஸ்டருடையது. அம்பத்தூரில் உருவான அந்த எஃகுக் குழாய்களில் மேல்துரு இருந்ததே தவிர, இணைப்புகளில் விரிசல் இல்லை. ரோட்ஸ்டரைத் தேர்ந்ததற்கு மலிவு மட்டும் காரணமில்லை. பின்சக்கரத்தின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இழுத்துக்கட்ட, கிடைமட்டமான அச்சுப்பள்ளம் கட்டாயம் வேண்டும். இன்றைய கியர் சைக்கிள்களில் அந்தப் பள்ளம் செங்குத்தாக இருப்பதால், அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு உதவுவதில்லை. இன்னொன்றையும் பார்த்து வாங்க வேண்டும். கம்பி பிரேக் வைத்த ரோட்ஸ்டரைவிட, ரிம்மை இருபுறமும் கவ்வும் காலிப்பர் பிரேக் வைத்ததே நல்லது. கம்பி பிரேக்கின் கட்டை, ரிம்மின் உட்புறத்தில் பிடிப்பது. புதிய அலுமினிய ரிம்மின் உட்புறம் அதற்கேற்பச் செய்யப்படுவதில்லை என்பதால் அந்தக் கம்பிகள் அனைத்தும் பயனற்றுப்போகும்.

இனி, பணம் போன இடத்துக்கு வருகிறேன். உள்ளூரில் ‘ஃபிக்ஸட்’ என்று கேட்டால், பல பட்டறைகளில் ஃப்ரீவீலையே வெல்டிங் செய்து இறுக்கித் தந்துவிடுகிறார்கள். இருநூறு ரூபாயில் முடிகிற வேலை என்பதால் ஆசை வரும். ஆனால் வெல்டிங் சூட்டில் பல்லின் கடினத்தன்மை போய்விடும் என்பது ஒருபுறமிருக்க, உண்மையான ஆபத்து மரையில் இருக்கிறது. பின்பல்சக்கரம், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் மேல் வலஞ்சுழி மரையில் ஏறுகிறது. முன்னோக்கி மிதிக்கும்போது அது மேலும் இறுகும்; காலால் பின்னோக்கி அழுத்தும்போது கழலப் பார்க்கும். ஃபிக்ஸட் வண்டிக்கென்றே செய்யப்படும் டிராக் ஹப்பில் அந்த மரைக்கு வெளியே, சற்றுச் சிறிய விட்டத்தில் இடஞ்சுழி மரை ஒன்று தனியாக வெட்டப்பட்டிருக்கும். லாக்ரிங் என்ற பூட்டு வளையம் அதில் ஏறுகிறது. பல்சக்கரம் கழலத் தொடங்கினால் அது தன்னுடன் லாக்ரிங்கையும் திருப்ப முயலும். அந்தத் திசை லாக்ரிங்குக்கு இறுகும் திசை என்பதால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. ஃப்ரீவீல் ஹப்பிலும் பல்சக்கரம் ஏறத்தான் செய்யும், ஏனெனில் முதல் மரையின் அளவு ஒன்றே. இரண்டாவது மரை அதில் இல்லை. மரைப் பசையைப் பூசி ஒட்டிவிட்டால் போதும் என்பவர்களும் உண்டு. சிக்னலில் பேருந்துக்குப் பின்னால் காலை அழுத்தி நிறுத்தும் வேளையில் அந்தப் பசையை நம்ப நான் தயாராக இல்லை.

ஆகவே ஹப், பல்சக்கரம், லாக்ரிங் மூன்றும் புதியவை. ஹப்பின் மறுபக்கத்தில் சாதாரண ஃப்ரீவீல் மாட்டவும் மரை உண்டு. கால் வலி கண்டால் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். இந்த ஹப்பின் அகலம் 120 மி.மீ.; ரோட்ஸ்டர் ஃபிரேமின் பின்கவையோ அதைவிடக் குறுகியது. எஃகு என்பதால் இருபுறமும் சமமாக விரிக்க முடிந்தது. அலுமினிய ஃபிரேமில் இதைச் செய்யக் கூடாது, அது விரிசல் விட்டுவிடும். பழைய ரிம்களையாவது வைத்துக்கொள்ளலாமா என்றால், ரோட்ஸ்டரின் பின் ரிம்மில் 40 துளைகள், டிராக் ஹப்பிலோ 32 அல்லது 36. அதனால் ரிம்களும் புதிதாயின. ரோட்ஸ்டரின் 28 × 1½ ரிம்மின் விட்டம் 635 மி.மீ.; நான் போட்ட 700சி ரிம்மின் விட்டம் 622 மி.மீ. ரிம் இப்படிச் சிறுத்ததாலும் 32 மி.மீ. டயர் போட்டதாலும் பெடல் தரையை நோக்கி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. மற்ற வண்டிகளில் இது பொருட்டில்லை. வளைவில் பெடலை நிறுத்தவே முடியாத வண்டியில் தரையில் தட்டும் அபாயம் கூடும். பெடலைத் தாங்கும் கிராங்க் குட்டையாக, 165 மி.மீ. அளவில் இருப்பது இங்கே கைகொடுக்கிறது.

கியர் விகிதத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. முன்னே ரோட்ஸ்டரின் 44 பல் செயின்வீலையே வைத்துக்கொண்டு, பின்னே 18 பல் போட்டேன். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.3 மீட்டர் நகரும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 சுற்று மிதிக்க வேண்டும். மேடும் பள்ளமுமான பெங்களூருக்கு இது பொருத்தமான அளவு. டொம்லூர் மேம்பாலத்தில் ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கத் தேவையில்லை. ஆனால் மறுபுறம் இறங்கும்போது, வேகம் 35-ஐத் தொட்டால் கால் நிமிடத்துக்கு 110 சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கும். பழகாதவர் சீட்டில் குதிக்கத் தொடங்கிவிடுவார். இந்த விகிதத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. காலைப் பூட்டிப் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு நிறுத்துபவர்களுக்கு, 48-க்கு 16 போட்டால் டயர் எப்போதும் ஒரே இடத்தில்தான் தேயும். 44-க்கு 18 என்றால் ஒன்பது இடங்களில் பகிர்ந்து தேயும். எனக்குச் சறுக்கும் பழக்கம் இல்லை, அந்த வயதும் தாண்டிவிட்டது.

முன்பிரேக் வேண்டாம், கால் போதும் என்று சொல்லும் இளைஞர்கள் கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளட்டும். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின் மேல் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வலிமை முன்பிரேக்கில்தான் பெரும்பகுதி இருக்கிறது; பின்சக்கரத்தை எவ்வளவு அழுத்தினாலும் அதற்குத் தரைப்பிடிப்பு ஓரளவுதான். ரிம் சிறுத்ததால் பிரேக்கின் கை நீளமாக இருக்க வேண்டியிருந்தது. 55 முதல் 73 மி.மீ. வரை எட்டும் டெக்ட்ரோ ஆர்559 மாடல் பொருந்தியது. மழையில் முதல் ஒரு சுற்றுக்கு ரிம் வழுக்கும், பிறகு கெட்டியாகப் பிடிக்கிறது. விலைக்கு மதிப்பான பொருள்.

மிச்சம் பிடித்த இடங்களில் எனக்கு மனநிறைவு தராதது காட்டர் பின் என்ற ஆப்பால் அச்சில் இறுக்கப்படும் கிராங்க் ஒன்றுதான். சாதாரண சைக்கிளில் அழுத்தம் பெரும்பாலும் ஒரே பக்கமாக விழும். இங்கே மிதிப்பதும் எதிர்த்து அழுத்துவதுமாக மாறிமாறி விழுவதால் அந்த ஆப்பு விரைவில் நெகிழ்ந்து, கிராங்க் ‘டக் டக்’ என்று ஆட ஆரம்பிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் நட்டை இறுக்காமல் விட்டால் ஆப்பே நசுங்கிப்போகும். செயின்வீலும் அச்சு வார்த்தாற்போல் வட்டமாக இல்லை. பெடலை மெல்லச் சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் செயின் விறைப்பாகவும் எதிர்ப்புறத்தில் தொய்வாகவும் தெரியும். விறைப்பான இடத்தில் அரை அங்குல ஆட்டம் இருக்கும்படி வைத்துப் பின்சக்கரத்தை இறுக்கினால் பேரிங் கெடாது.

ரோட்ஸ்டரின் பாதிச் செயின் கவரைக் கழற்றி எறியாதீர்கள். பார்வைக்குக் கொஞ்சம் கிழட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் சாதாரண சைக்கிளில் பேன்ட் நுனி செயினில் மாட்டினால் மிதிப்பதை நிறுத்தி எடுத்துவிடலாம். இதில் சக்கரம் நிற்கும்வரை செயின் துணியை இழுத்துக்கொண்டே போகும். வேட்டியும் துப்பட்டாவும் இந்த வண்டிக்கு ஆகவே ஆகாது. செயினைத் துடைக்கும்போது சக்கரத்தைச் சுழலவிட்டு விரல்களை அருகில் கொண்டுபோவதும் கூடாது. ஒருமுறை சுழன்ற சக்கரம், மாட்டிய விரலுக்காக நிற்காது.

ஓட்டும் அனுபவத்தில் எனக்குப் பழக நாளானது வேகத்தடைகள். இந்த நகரத்தின் வேகத்தடைகளுக்கு அளவும் இலக்கணமும் கிடையாது. மற்றவர்கள் பெடலைச் சமமாக நிறுத்தி எழுந்துகொள்வார்கள்; நாம் சுற்றிக்கொண்டிருக்கும் காலோடு தடையின் மேல் ஏறும் தருணத்தைக் கணக்கிட வேண்டும். 32 மி.மீ. டயர் இல்லாவிட்டால் முதுகு தாங்காது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது இந்த வண்டியின் கட்டுப்பாடு அபாரம். பிரேக்கைத் தொடாமலே நடைவேகத்துக்கு இறக்கி, காலால் பிடித்து நிறுத்தி வைக்க முடிகிறது.

சக்கரம் கட்டித் தந்தவர் அல்சூர் பஜார் தெருவுக்கு அருகில் சிறிய பட்டறை வைத்திருக்கும் தமிழர். வேலூர்ப் பக்கத்துப் பேச்சு. ஃபிக்ஸட் கியர் அவருக்குப் புதிது. "ஃப்ரீவீல் இல்லாம இறக்கத்துல காலு என்ன ஆவும் தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். கோட்டம் எடுப்பதில் மட்டும் அவருக்கு ஈடு சொல்ல எனக்கு ஆள் தெரியாது. ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, சாக்பீஸை ரிம்முக்கு அருகில் அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுவார். வெள்ளை படிந்த இடத்தின் ஸ்போக் நிப்பிளைக் கால் திருகு திருப்புவார், மறுபடி சுற்றுவார். செயின் நேர்கோட்டில் ஓடவில்லை என்று நான் காட்டியதும், அச்சின் வாஷரைப் பக்கம் மாற்றிப் போட்டு, சக்கரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார். அதற்குத் தனிக்கூலி வாங்கவில்லை. இத்தனை நாள் மேடுபள்ளத்துக்குப் பிறகும் ஒரு ஸ்போக்கூடத் தளரவில்லை. சொன்ன நாளில் வேலை முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். லாக்ரிங்குக்கான கொக்கி ஸ்பேனரையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். அங்கே இருப்பவை சுத்தியலும் உளியும்தான், அவை லாக்ரிங்கை நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.