எழுதாத விநியோக ஒப்பந்தம் முறிந்தால் எந்தச் சட்டம் கைகொடுக்கும்?

ஒரே கம்பெனியின் சரக்கைப் பல வருடமாக விற்று வருகிறார் ஒரு விநியோகஸ்தர். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. ஆர்டர், பில், அவ்வப்போது மின்னஞ்சல், அவ்வளவுதான். திடீரென்று சப்ளையர், 'அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்வார்' என்கிறார். 'கையெழுத்தே இல்லையே, ஒப்பந்தம் எங்கே?' என்ற வாதம் பலர் நினைக்கும் அளவுக்கு எடுபடுவதில்லை. சண்டை பெரும்பாலும் எத்தனை மாத முன்னறிவிப்பு என்பதில்தான் வந்து நிற்கிறது. அதற்கு நாட்டுக்கு நாடு பதில் வேறு.

இங்கிலாந்தில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. இருவரும் நடந்துகொண்ட விதத்திலிருந்து ஒப்பந்தம் இருந்ததாக நீதிமன்றம் முடிவு செய்தால், நியாயமான முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்குள் அடங்கியதாகவே கொள்ளும். ஸ்கேட்போர்டு சரக்கு தொடர்பான ஜாக்சன் டிஸ்ட்ரிபியூஷன் வழக்கில் (2009) அப்படி 9 மாதம் கிடைத்தது. ஆனால் 2001-ல் பேர்ட் டெக்ஸ்டைல் வழக்கில் கதை தலைகீழ். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கு சுமார் 30 வருடம் துணி சப்ளை செய்த நிறுவனம் அது. இங்கே கைவிடப்பட்டவர் சப்ளையர் என்பது மட்டும் வித்தியாசம். நீண்டகால ஒப்பந்தம் வேண்டாமென்று வாங்குபவர் வேண்டுமென்றேதான் தவிர்த்திருந்தார், கடமையின் அளவும் தெளிவாக இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. முப்பது வருட நம்பிக்கைக்குச் சட்டத்தில் விலை இல்லை! ஒப்பந்தம் இருந்ததா என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியிருப்பதுதான் ஆங்கிலேய வழியின் பலவீனம்.

பிரான்ஸ் அந்தக் கேள்வியையே தாண்டிப் போகிறது. வணிகச் சட்டத்தொகுப்பின் 442-1 பிரிவு கேட்பது நிலைபெற்ற வணிக உறவு இருந்ததா என்பதை மட்டும்தான். இருந்திருந்தால், போதிய முன்னறிவிப்பு தராமல் முறித்தவர் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். முன்னறிவிப்பு கொடுக்காமல் விட்ட மாதங்களில் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தை வைத்துத்தான் பொதுவாகக் கணக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 18 மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டால் 'போதாது' என்று யாரும் வழக்காட முடியாது. காகிதமே இல்லாதவருக்கு, என் பார்வையில், இதுதான் முதல் தேர்வு.

விநியோக உரிமை ஒருவருக்கே தரப்பட்டிருந்தால் பெல்ஜியம் இன்னும் தாராளம். 1961 ஜூலை 27 சட்டம் (இப்போது பொருளாதாரச் சட்டத்தொகுப்பில் சேர்ந்துவிட்டது) காலவரையற்ற விநியோக உரிமையை முறிக்க நியாயமான முன்னறிவிப்பு கேட்கிறது. அதோடு, அவர் தேடித்தந்து சப்ளையரிடமே தங்கிவிட்ட வாடிக்கையாளர்களுக்கும் தனி இழப்பீடு கேட்கலாம்.

ஜெர்மனியிலும் வாடிக்கையாளர் இழப்பீடு உண்டு. முகவர்களுக்கான வணிகச் சட்டப் பிரிவு 89பி-ஐ விநியோகஸ்தர்களுக்கும் நீட்டிக்கிறார்கள். ஆனால் சப்ளையரின் விற்பனை அமைப்புக்குள் அவர் இணைந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் விவரங்களை ஒப்படைக்கும் கடமையும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாதவர் அந்தக் கடமையை எப்படிக் காட்டுவார்?

அமெரிக்காவில் மாநிலங்களுக்குப் பொதுவான மாதிரியாக எழுதப்பட்ட சீரான வணிகச் சட்டத்தைப் (UCC) பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றுகின்றன. 500 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள சரக்கு விற்பனைக்கு எழுத்து வேண்டும் என்பதுதான் அங்கே முதல் தடை. வந்து ஏற்றுக்கொண்ட சரக்குக்கு விதிவிலக்கு உண்டு, வராத சரக்குக்கு அது உதவாது. தடையைத் தாண்டினாலும் கிடைப்பது நியாயமான அறிவிப்பு மட்டும்தான்.

சரி, எந்த நாட்டில் வழக்குப் போடுவது? இத்தாலிய பால்பொருள் நிறுவனமான கிரானரோலோவுக்கும் அதன் சரக்கைச் சுமார் 25 வருடம் பிரான்ஸில் விற்ற ஒரு நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016-ல் இதைப் பேசியது. நீண்டகால உறவு, தொடர்ச்சியான ஆர்டர்கள், அளவிலும் மதிப்பிலும் அவை வளர்ந்த விதம், பேசி முடித்த விலை, தள்ளுபடி, கடிதப் போக்குவரத்து ஆகியவை மறைமுகமான ஒப்பந்தத்தைக் காட்டலாம் என்றது. அப்படிக் காட்டினால் அது ஒப்பந்த வழக்கு. வெறும் சரக்கு விற்பனை என்றால் சரக்கு ஒப்படைத்த இடத்து நீதிமன்றம். உறவில் சேவையே முக்கியம் என்றால் சேவை நடந்த இடத்து நீதிமன்றம். கிரானரோலோ தரப்பு பிடித்துக்கொண்டதும் இதைத்தான்: சரக்கு கைமாறியது போலோன்யா ஆலை வாசலில், எனவே வழக்கு இத்தாலிக்கே வர வேண்டும் என்று.