தூசிப் பிளாஸ்மாவில் பாகுநிலை அளக்க ட்ராக்பை: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

வீடியோவில் தெரியும் நுண்துகள்களைக் கண்டுபிடித்து அவற்றின் பாதைகளைக் கோத்துத் தரும் இலவச பைத்தான் நூலகம் ட்ராக்பை. க்ராக்கரும் க்ரையரும் 1996-இல் வெளியிட்ட வழிமுறைதான் இதன் அடிப்படை. திரவத்தில் மிதக்கும் கூழ்மத் துகள்களை மனத்தில் வைத்து உருவானது. தூசிப் பிளாஸ்மா என்பது மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள் மிதக்கும் அயனி வாயு; பாகுநிலை என்பது ஓட்டத்துக்கு உள்ளிருந்தே எழும் எதிர்ப்பு. இரு பரிமாணத் தூசிப் பிளாஸ்மாவில் பாகுநிலை அளப்பவர்களுக்கு இது போதுமா? துகளின் பாதை வரைக்கும் தாராளமாகப் போதும். வேகம், வெப்பநிலை என்று வந்துவிட்டால், கொடுத்த அமைப்புகளை அப்படியே விட்டு ஓட்டக்கூடாது.

ஏற்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். 13.56 மெகாஹெர்ட்ஸ் ஆர்கான் பிளாஸ்மாவில், கீழ் மின்முனைக்கு மேலே சுமார் 8 மைக்ரான் மெலமைன் ஃபார்மால்டிஹைடு உருண்டைகள் ஒற்றை அடுக்காக மிதக்கும். மெல்லிய லேசர் தாள் ஒளியூட்ட, மேலிருந்து கேமரா பார்க்கும். எதிரெதிர்த் திசைகளில் இரண்டு லேசர் கற்றைகள் தள்ள, அடுக்கு உருகி ஓடும். இயற்பியலாளர்கள் நோசென்கோவும் கோரியும் 2004-இல் இப்படித்தான் அளந்து, இயக்கப் பாகுநிலை (அடர்த்தியால் வகுத்த பாகுநிலை; கீழே பாகுநிலை என்பது இதுவே) நொடிக்கு 1 சதுர மி.மீ. என்ற அளவில் இருப்பதைக் காட்டினார்கள்.

கற்றைக்கு வெளிப்பக்கம் விலக விலக, வாயு உராய்வால் சராசரி வேகம் அடுக்குக்குறி வடிவில் தேயும். தேய்வு நீளத்தின் (வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறையும் தூரம்) வர்க்கத்தை உராய்வு வீதத்தால் பெருக்கினால் பாகுநிலை. பாகுநிலை 1 என்று வைத்தால், உராய்வு வீதம் நொடிக்கு 1 ஆக இருக்கும்போது தேய்வு நீளம் 1 மி.மீ.; 4 ஆனால் அரை மி.மீ. துகள்களுக்கு இடையிலான தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே தொடர் பாய்மச் சமன்பாட்டைப் பொருத்துவதில் பொருளில்லை. ஆகவே வாயு அழுத்தத்தைக் குறைத்து வையுங்கள். நீளத்தில் 10 சதவீதப் பிழை, பாகுநிலையில் 20 சதவீதத்தைத் தாண்டும்.

ட்ராக்பையில் முதலில் கவனிக்க வேண்டியது, துகள்களைக் கண்டுபிடிக்கும் 'லோகேட்'. பிம்பத்தின் அகலத்தைப் பிக்சலில் சொல்லும் 'டயாமீட்டர்' ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும். பிம்பத்தைவிடச் சற்றுப் பெரிதாகக் கொடுங்கள். துகளின் பிம்பம் ஓரிரு பிக்சலிலேயே அடங்கிவிட்டால், கணக்கிட்ட மையம் பிக்சலின் நடுவை நோக்கி இழுபடும். இதைக் கண்டுபிடிக்க 'சப்பிஎக்ஸ்_பயஸ்' வரைபடம் இருக்கிறது. நூலகத்தின் மிகப் பயனுள்ள வசதி என்று இதைத்தான் சொல்வேன். ஆயங்களின் பின்னப் பகுதி 0 முதல் 1 வரை தட்டையாகப் பரவியிருக்க வேண்டும். நடுவிலோ ஓரத்திலோ மேடு தட்டினால், லென்ஸின் குவியத்தை லேசாகத் தளர்த்தி, பிம்பம் இன்னும் சில பிக்சல்களில் பரவும்படி மறுபடி பதிவு செய்யுங்கள். முடிவு அட்டவணையின் 'ஈபி' நெடுவரிசை தரும் பிழை மதிப்பீட்டில் இந்த இழுப்பு சேராது.

அடுத்தது வேகப் பிழை. ஒரு பிக்சல் 0.03 மி.மீ., இடப் பிழை 0.1 பிக்சல், நொடிக்கு 60 சட்டங்கள் (வீடியோ ஃபிரேம்கள்) என்றால், அடுத்தடுத்த இரு சட்டங்களிலிருந்து கணக்கிடும் வேகத்தில் பிழை சுமார் 0.25 மி.மீ./நொடி. 250 சட்டங்களுக்குப் போனால் 1 மி.மீ./நொடி. அறை வெப்பநிலையில் 8 மைக்ரான் துகளின் வெப்ப வேகமோ ஒரு திசையில் வெறும் 0.1 மி.மீ./நொடி! இரைச்சலே வெப்பநிலையாக வேடம் போடும். சராசரி வேக வரைபடத்தில் இந்த இரைச்சல் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். வெப்பநிலையில் போகாது, வர்க்கமாகி அப்படியே சேரும். சட்ட வேகத்தை மிகவும் குறைத்தாலும் ஆபத்து: இடையில் துகள் திசை மாறிவிட, வேகம் குறைவாகத் தெரியும்.

பாதைகளைக் கோக்கும் 'லிங்க்' நன்றாகவே வேலை செய்கிறது. அடுத்த சட்டத்தில் துகளை எவ்வளவு தூரம் வரை தேடுவது என்பதைச் சொல்லும் 'சர்ச்_ரேஞ்ச்' துகள் இடைவெளியில் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும். இடைவெளி 17 பிக்சல் என்றால் 7 போதும். மிகவும் கூட்டினால் சப்நெட் (ஒன்றோடொன்று குழம்பக்கூடிய துகள்களின் கூட்டம்) பெரிதாகிவிட்டது என்று பிழை காட்டி நின்றுவிடலாம். கற்றைக்குள் துகள்கள் வேகமாக ஓடினால் 'சேனல்பிரெடிக்ட்' பயன்படுத்துங்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரித்து, அந்தந்தப் பட்டையின் வேகத்தை வைத்து அடுத்த இடத்தை ஊகிக்கும். காணாமல் போன துகளைச் சில சட்டங்கள் வரை நினைவில் வைக்கும் 'மெமரி' கொடுத்தால் பாதையில் இடைவெளி விழும். சட்ட எண்ணைப் பார்க்காமல் கழித்தால் இரண்டு சட்ட நகர்வு ஒரு சட்ட வேகமாகப் பதிவாகும். எல்லாத் துகள்களின் பொது நகர்வைக் கழிக்கும் 'சப்ட்ராக்ட்_டிரிஃப்ட்' இந்தச் சோதனைக்கு வேண்டாம். ஒரு கற்றை மற்றதைவிட வலுவாக இருந்தால் அந்த உண்மையையே அது மறைத்துவிடும்.

பாகுநிலைக் கணக்கு எதுவும் உள்ளே கிடையாது. நீங்களே எழுத வேண்டும். வேக வரைபட வழிக்குப் பட்டைச் சராசரியும் ஒரு பொருத்தமும் போதும். தகைவின் ஏற்ற இறக்கங்களிலிருந்து பாகுநிலையைக் கணக்கிடும் க்ரீன்-குபோ வழி கடினம். சறுக்குத் தகைவை (அடுக்குகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுக்கும் விசை) கணக்கிட ஒவ்வொரு துகளின் வேகமும், அண்டைத் துகள்களின் இடமும், மின்னூட்டமும், டிபை நீளமும் (மின்னூட்டத்தின் தாக்கத்தைப் பிளாஸ்மா மறைத்துவிடும் தூரம்) வேண்டும். ஒரு சட்டத்தில் ஒரு துகள் விடுபட்டாலே அதன் அண்டைகளின் தகைவு குதிக்கும். இரு துகள்களுக்கு இடையே அனுமதிக்கும் குறைந்தபட்சத் தூரமான 'செபரேஷன்' தானாகவே 'டயாமீட்டர்' கூட்டல் 1 ஆக அமைவதால், நெருங்கி வரும் இணையில் ஒன்று காணாமல் போவது இங்கேதான் நடக்கும். அதைக் கையால் குறையுங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் துகள் எண்ணிக்கையை வரைந்து பாருங்கள். கோடு நடுங்கினால் க்ரீன்-குபோவைத் தொடவே வேண்டாம்.

ஒட்டிக்கொண்ட இரட்டைத் துகள்கள் அடுக்குக்குக் கீழே தொங்கி, மேலுள்ளவற்றைக் கலக்கும். லேசர் தாளுக்குள் வராததால் ட்ராக்பைக்கு அவை தெரியவே தெரியாது. பக்கவாட்டில் இன்னொரு கேமரா வைத்து, பதிவுக்கு முன்பே அவற்றை விழச் செய்துவிடுங்கள்.