தையல் சேனலும் ஒரு சீலிங் ஃபேனும்: ஆறு வருட அனுபவம்

போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். மருதாணி நன்றாகப் போடுவாள், கல்யாண ஆர்டர்களும் வருகின்றன. "சித்தி, நானும் யூடியூப் சேனல் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஆனா இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போகுது. உங்களுக்கு எப்படி இத்தனை வருஷம் மனசு வந்துச்சு?" என்றாள். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எந்த போன், எந்த மைக், தம்ப்நெயில் எப்படிச் செய்வது என்பதெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரர், 12 மாதத்தில் பார்வையாளர்கள் பார்த்த நேரம் 4000 மணி என்ற கணக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது ஃபேனைப் பற்றி.

கும்பகோணத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் என் கடை. மேலே மொட்டை மாடி. மதியம் 12 மணிக்கு மேல் தளம் அனலாகக் கொதிக்கும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது கல்யாணங்கள் நின்றன, கல்யாண ப்ளவுஸும் நின்றது. மாஸ்க் தைத்துக் கொஞ்ச நாள் ஓட்டினேன். மே மாதம் ஒருநாள், சும்மா இருக்கிற கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று, அலமாரித் தட்டிலிருந்து மர ஸ்கேலை வெளியே நீட்டி, முனையில் போனைக் கட்டி, மறுமுனையில் கனத்துக்குப் பழைய கரி இஸ்திரிப் பெட்டியை வைத்து முதல் வீடியோ எடுத்தேன். சாதா ப்ளவுஸ் கட்டிங். போட்டுக் கேட்டால் என் குரலே இல்லை, ஃபேன் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை இதே கதைதான். ஃபேனைப் போட்டால் மைக்கில் கடகடவென்று ஏறும், துணியின் ஓரம் தூக்கும், பேப்பர் கட்டிங் பறக்கும். நிறுத்தினால் பத்து நிமிடத்தில் கண்ணுக்குள் வியர்வை இறங்கும். ஃபேனோடு எடுத்துவிட்டு அப்புறம் குரல் கொடுத்துப் பார்த்தேன். கை ஒரு இடத்தில், பேச்சு ஒரு இடத்தில். கத்திரி துணியில் ஓடும் சத்தமும் போய்விட்டது. ஆப்பில் இரைச்சலை நீக்கினால் குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. விடியற்காலை 5 மணிக்கு எடுத்தால் டியூப் லைட் வெளிச்சத்தில் என் கை நிழலே சாக்பீஸ் கோட்டை மறைத்தது. மார்கழியில் அந்த நேரத்துக்குக் கோயில் ஒலிபெருக்கி வேறு. வீடியோவின் பின்னணியில் அந்தப் பாட்டு கேட்டால் காப்புரிமைச் சிக்கல் வரும். 2025 செப்டம்பரில் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும், இனி என்ன, வாங்கிவிடு என்றார்கள். தெரிந்தவர் வீட்டில் மைக்கை வைத்து எடுத்துப் பார்த்தேன். ஏ.சி.க்கும் ஒரு ரீங்காரம் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும். 2018-ல் ஆரம்பித்து 2021-ல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டார்கள், தமிழில் அதுதான் முதல். வயலிலும் மரத்தடியிலும் சமைக்கிறார்கள். காற்றும் அடுப்பும் குருவியும் அந்த வீடியோவுக்கு அழகு சேர்க்கின்றன. என் வேலைக்கு அது ஒத்துவராது. "இங்கே அரை இஞ்ச்" என்று நான் சொல்வதில் "அரை" கேட்காவிட்டால் ஒருத்தருடைய துணி பாழாகிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வைகாசியில் அரக்கு நிறப் பட்டு, கல்யாணப் பெண்ணின் ப்ளவுஸ் துணி. அவர்கள் சம்மதத்தோடுதான் வீடியோ எடுத்தேன். குனிந்து முன்பாகம் வரையும்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பட்டில் வியர்வை பட்டால் கறை வட்டமாக விரியும், காய்ந்தால் விளிம்பு தெரியும். ஒரு நிமிடம் கையும் ஓடவில்லை, பேச்சும் வரவில்லை. பார்த்தால், அது விழுந்த இடம் கைக்குழி, கையை இணைத்துத் தைக்கிற வளைவு. வெட்டிக் கழிக்கிற பகுதிக்குள் நூலளவு மிச்சத்தில் விழுந்திருந்தது. கேமராவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அன்றைக்குச் சேனலை மூடியிருப்பேன். இப்போதும் சித்திரை, வைகாசியில் பட்டுத் துணியைக் கேமரா முன் வைப்பதில்லை.

உண்மையிலேயே ஒரு தடவை விட்டேன். 2022-ல் ஏழு மாதம். ஆனால் அது ஃபேனால் இல்லை. வாரம் மூன்று வீடியோ போடவேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலையில் கண் விழித்ததும் எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. ஒரு வீடியோ 200 பேரோடு நின்றால் அன்று மெஷினில் உட்காரவே தோன்றாது. ஒருவர் சராசரியாக 5 நிமிடம் பார்த்தால், 4000 மணி நேரத்துக்கு 48,000 தடவை ஓடவேண்டும். அந்தக் கணக்கைப் போட்ட ராத்திரிதான் ஸ்கேலைக் கழற்றினேன். அப்போது 500 சந்தாதாரர், 3000 மணி என்ற முதல் படி இல்லை. அது 2023-ல்தான் வந்தது. ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்கள் ஓடுகிற நேரமும் இந்த மணிக்கணக்கில் சேராது என்பதை யாராவது முன்னமே சொல்லியிருந்தால் பாதிச் சோர்வு மிச்சமாகியிருக்கும்.

திரும்ப வந்த காரணம் சின்னது. ஏழாவது மாதம் பழைய வீடியோ ஒன்றை அழிக்கலாம் என்று, சேனல் கணக்குகளைக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்தேன். பார்ப்பவர்கள் எந்த நிமிடம்வரை இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. எல்லா வீடியோவிலும் முதலில் சரிந்து, அப்புறம் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். அந்த வீடியோவில் மட்டும் 9-வது நிமிடத்தில் சின்ன மேடு. சேனல் வைத்திருக்கிற தோழியைக் கேட்டேன். "அந்த இடத்தை ரிவைண்ட் பண்ணித் திரும்பப் பார்க்கிறாங்க" என்றாள். போட்டுப் பார்த்தேன். கைக்குழி. முன்பாகத்துக் குழியைப் பின்பாகத்தைவிட அரை இஞ்ச் உள்ளே வளைத்து வெட்டவேண்டும், இல்லாவிட்டால் அக்குளுக்கு முன்னால் துணி சுருங்கி நிற்கும் என்று சொல்லும் இடம். எனக்கு அதைச் சொல்லித்தர ஆள் இல்லை. நான்கு ப்ளவுஸைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

துணியை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் கத்திரியும் மறுகையில் போனுமாக, வெட்டுவதற்கு முன் இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறாள் ஒருத்தி. எந்த ஊரோ தெரியாது. அந்த மேட்டைப் பார்த்தபோது அவள் என் கட்டிங் டேபிளுக்கு எதிரே நிற்பதுபோலவே இருந்தது. சந்தாதாரர் 1000 ஆனபோதோ, 10 டாலர் சேர்ந்து முகவரி சரிபார்க்கும் பின் எண் தபாலில் வந்தபோதோ, 100 டாலர் சேர்ந்து முதல் பணம் வங்கிக்கு வந்தபோதோ எனக்கு இப்படி நெஞ்சு நிறையவில்லை.

அதற்கப்புறம் முறையை மாற்றிக்கொண்டேன். வீடியோவுக்கென்று தனியாக எதையும் தைப்பதில்லை. அன்றைக்கு வந்த ஆர்டர் எதுவோ, அதில் ஒரு பாகம். ப்ளவுஸ் மாடலில் கட்டோரி வந்தால் கட்டோரி, பிரின்சஸ் கட் வந்தால் அது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, பத்து நாள் கழித்து மேடு எங்கே வந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன். மேடு வந்த இடம் அடுத்த வீடியோவில் தனியாக வரும். உட்கார மனது வருவதில்லை என்ற பேச்சே இப்போது இல்லை, வேலைக்குத் தினமும் உட்காரத்தானே வேண்டும்.

அக்கா மகளுக்கு இன்னொரு பயம், முதல் வீடியோ கச்சிதமாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று. யூடியூபில் ஏறிய முதல் வீடியோவை அவள் பார்க்கட்டும். 2005 ஏப்ரல் 23. அந்தத் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியாகோ விலங்குக்காட்சி சாலையில் யானைகள் முன் நின்று, இவற்றின் தும்பிக்கை ரொம்ப நீளம் என்கிறார். 19 நொடியில் முடிந்துவிடுகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, என் பதில் என்னவென்றால், இப்போது வேண்டாம். நேற்று ஃபேனை நிறுத்தி 40 நிமிடம் லைனிங் கட்டிங் எடுத்தேன். கழுத்தெல்லாம் வேர்க்குரு, எரிகிறது. அவளுடைய அறையும் மாடியறைதான், மருதாணிக் கோனோ சூட்டில் இளகிவிடும். அந்த எரிச்சலில் நல்ல பிள்ளையை இறக்கிவிட எனக்கு மனமில்லை.

ஆடி பிறக்கட்டும். கல்யாண ஆர்டர் இருக்காது, ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், ஃபேன் வேண்டியதில்லை. அதுவரை போடுகிற ஒவ்வொரு கையையும் மேலிருந்து படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லப்போகிறேன், எதையும் ஏற்றவேண்டாம். ஸ்கேலும் இஸ்திரிப் பெட்டியும் அலமாரி மேல்தான் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.