நான்கு வாரமா, நான்கு மாதமா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் சட்டக் கல்லூரியில் என் அறைக்கு வெளியே மாணவர்கள் நிற்கத் தொடங்கிவிடுவார்கள். மனித உரிமை ஆய்வில் இன்டர்ன்ஷிப் வேண்டும். டெல்லியில் தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்குப் போவதா, மதுரையா, பாங்காக்கா? கேட்பவர்களில் பாதிப் பேர் பாங்காக் என்று ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டு வந்தவர்கள். கையெழுத்துக்குத்தான் நான்.

அவர்களிடம் நான் முதலில் எடுத்துக்காட்டுவது பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளை. ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் பயிற்சி வேண்டும். ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. நாலைந்து மாதம் கேட்கும் பாங்காக் கனவு முட்டி நிற்பது இந்த வரியில்தான்.

ஃபோரம் ஏசியா 1991இல் மணிலாவில் தொடங்கி, பாங்காக்கிலிருந்து இயங்கும் மனித உரிமைக் கூட்டமைப்பு. பல ஆசிய நாட்டு அமைப்புகள் அதில் உறுப்பினர்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வட்டார மனித உரிமை நீதிமன்றம் உண்டு, ஆசியாவுக்குக் கிடையாது. ஆசியான் நாடுகள் 2009இல் ஒரு ஆணையம் அமைத்தன. தனிமனிதரின் புகாரை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. சார்க் அமைப்பில் அதுகூட இல்லை. எனவே இங்கே வட்டார ஆய்வு என்பது பெரும்பாலும் ஐ.நா.வை நோக்கி எழுதுவதுதான். ஒவ்வொரு நாட்டையும் ஐ.நா. மனித உரிமைப் பேரவை முறைவைத்து மீளாய்வு செய்யும்போது, தனி அமைப்பு தரும் அறிக்கைக்கு 2,815 சொற்கள், கூட்டறிக்கைக்கு 5,630 சொற்கள் என்று வரம்பு உண்டு. ஒரு நாட்டின் நாலைந்து ஆண்டுத் துயரத்தை அதற்குள் அடக்க வேண்டும். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று பழகவே ஒரு மாதம் போய்விடும். நான்கு வாரத்தில் அங்கே போய்வருவது கல்யாண வீட்டில் பந்திக்கு மட்டும் போய்வருவதைப் போன்றது.

ஜப்பானில் 1994இல் அமைந்த ஹியூரைட்ஸ் ஒசாகா என்ற அறக்கட்டளையும் இதே வகைதான். மனித உரிமைக் கல்வியில் அதற்குத் தனி ஈடுபாடு. ஆங்கிலத்திலும் காலாண்டு மடல் வெளியிடுகிறது. ஆசிரியராகும் எண்ணம் உள்ளவர்களுக்குச் சொல்லிவைப்பேன். மற்றவர்களுக்கு விமானக் கட்டணம்தான் மிஞ்சும்.

டெல்லி நிலைமை வேறு. 1993இல் அமைந்த தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் நேரடிப் பயிற்சி, பார் கவுன்சில் கணக்குக்குள் ஒழுங்காகப் பொருந்தும். இணையவழியில் இரண்டு வாரப் பயிற்சியும் நடக்கிறது: உரைகள், குழு ஆய்வு, நூல் மதிப்புரை, திகார் சிறைக்குத் திரைவழிச் சுற்றுலா. சிறையைத் திரையில் பார்ப்பதில் என்ன தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. காற்றோட்டம் கண்ணுக்குத் தெரியாதே. ஆனாலும் அரசின் கோப்பு எப்படி நகர்கிறது, சம்பவம் நடந்து ஓராண்டு கடந்த புகாரை ஆணையம் ஏன் விசாரிக்க முடியாது, ராணுவம் தொடர்பான புகாரில் ஏன் தானே விசாரிக்காமல் மத்திய அரசிடம் அறிக்கை கேட்கிறது என்பதையெல்லாம் அங்கே கற்கலாம். காவல்துறையினரே விசாரிப்பது உள்ளிட்ட காரணங்களால், தேசிய மனித உரிமை ஆணையங்களின் சர்வதேசக் கூட்டணி 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ஆணையத்தின் தரச்சான்றைத் தள்ளிவைத்தது. அதையும் வாசித்துவிட்டுப் போங்கள் என்பேன்.

மதுரை என்றால் மக்கள் கண்காணிப்பகம், 1995இலிருந்து இயங்குகிறது. அதுபோல் தென்மாவட்டங்களில் சிறிய அமைப்புகளும் உண்டு. உதவித்தொகையை எதிர்பார்க்க வேண்டாம். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்த பிறகு, பல அமைப்புகள் சம்பளத்துக்கே திண்டாடுகின்றன.

இருந்தும் என் முதல் பரிந்துரை இதுதான். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தென்மாவட்ட அமைப்பு ஒன்றில் நான்கு வாரம் இருந்தாள். மகனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனதைப் பற்றி ஒரு தாய் சொல்லச் சொல்ல எழுதினாள். “விளக்கு வைக்கிற நேரம்” என்றார் அந்த அம்மா. இவள் “மாலை 6 மணி” என்று எழுதினாள். வாங்கிப் பார்த்த வழக்கறிஞர் அந்த வரியை மட்டும் அடித்தார்: அவர் மணி சொன்னாரா? ஜூன் மாதத்தில் விளக்கு வைக்க ஆறே முக்கால் ஆகும். குறுக்கு விசாரணையில் அந்த முக்கால் மணியைப் பிடித்துக்கொண்டு தாயையே பொய்யராக்கிவிடுவார்கள். அன்று அவள் அந்த வாக்குமூலத்தை மூன்று முறை திருப்பி எழுதினாள். பாங்காக்கில் 5,630 சொற்களுக்குள் அடங்கும் ஒரு பத்தியின் அடியில் கிடப்பது இப்படிப்பட்ட காகிதம்தான். தமிழ் தெரிந்தவர்களுக்கு மதுரைப் பக்கம் வேலை இருக்கிறது. டெல்லியில் அவர்கள் விருந்தாளிகள்.

ஒரு மாணவருக்கு இந்தி நன்றாக வந்து, அரசுப் பணிதான் குறி என்றால் நான் டெல்லியைத் தடுப்பதில்லை. கடைசித் தேர்வை எழுதி முடித்தவர்களை நான்கு வார விதி கட்டுப்படுத்தாது. அவர்கள் பாங்காக்குக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம். நாலைந்து மாதத்துக்கான தங்குமிடச் செலவை மட்டும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

அந்த மாணவிக்கு இப்போது படிப்பு முடிகிறது. பாங்காக் விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரியாக அந்த வாக்குமூலத்தைப் பெயர்களை நீக்கிவிட்டு இணைக்கலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். பெயரை நீக்கினாலும் ஊரும் தேதியும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1993 டிசம்பர் உத்தரவைப் பற்றி மூன்று பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னாள்.