அச்சு நாளிதழா, இணையச் செய்தியா? காவிரிப் படுகை வாசகருக்கு ஓர் ஒப்பீடு

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை அன்றாடம் கவனிக்கும் தஞ்சை, திருவாரூர் உழவர்களுக்கு, விரைவு என்று பார்த்தால் இணையச் செய்தியே மேல். முழு நீர்மட்டமான 120 அடியில் இன்று எவ்வளவு, நீர்வரத்து எத்தனை கன அடி, திறப்பு எவ்வளவு என்ற காலை நிலவரம் அன்றே கைபேசிக்கு வந்துவிடுகிறது. அச்சு நாளிதழில் அதைக் காண மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். குறுவைக்கு நாற்று விடும் நேரத்தில் அந்த ஒரு நாள் சிறியதன்று.

ஆயினும் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, மின்சாரமும் கைபேசித் தொடர்பும் முடங்கியபோது, அந்த விரைவு பயனற்றுப் போயிற்று.

அச்சிதழின் பெரிய வலிமையாக நான் கருதுவது அதன் மாவட்டப் பக்கத்தை. தேநீர்க் கடையில் ஒரே பிரதியைத் தாள் தாளாகப் பிரித்துப் பலர் படிக்கையில், விபத்துச் செய்தியைத் தேடியவர் கண்ணில் பயிர்க் காப்பீட்டின் கடைசி நாளும் படுகிறது. கைபேசியோ நாம் முன்பு தொட்டதைப் போன்றவற்றையே மீண்டும் காட்டுகிறது. மேலும், அச்சான பிழை அப்படியே நிற்கும், திருத்தமும் தனியே வெளிவரும். இணையத்தில் சொல்லாமலே மாற்றிவிட முடியும். விலை இணையத்துக்கே சாதகம். எனினும் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நாளிதழையே பரிந்துரைப்பேன்.