ரொறன்ரோ தீவுக்குப் போகிறீர்களா? காசு கொடுக்கமுதல் இதை வாசியுங்கள்

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து நின்றால், ஜூலை மாதத்தில் ஒரு நாளைக்காவது ரொறன்ரோ தீவின் சென்டர் ஐலண்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாத குடும்பம் ஸ்காபரோவில் குறைவு. அந்த ஒரு நாளில்தான் ஒவ்வொரு கோடையும் எங்கள் சனம் காசையும் நேரத்தையும் பறிகொடுக்கிறது. ஏமாற்று பெரும்பாலும் தீவில் நடப்பதில்லை. ஏரிக்கரையோரக் குயின்ஸ் கீ வீதியின் நடைபாதையில், ஃபெரி (பயணிகள் படகு) துறைக்குள் நுழையமுதலே நடந்து முடிந்துவிடுகிறது.

முதலாவது, அதிகம் பேர் மாட்டுவது: "ஐலண்ட் ரிக்கற் இருக்கு, வரிசை இல்லை, இப்பவே ஏறலாம்" என்று கூப்பிடும் குரல். காசைக் கட்டிப் படகில் ஏறினால், அது துறைமுகத்தைச் சுற்றி, தீவுகளுக்கு இடையிலான வாய்க்கால்களுக்குள் புகுந்து, முக்கால் மணியிலோ ஒரு மணியிலோ புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடும். தீவில் இறக்காது. சாப்பாட்டுப் பையும் கூலரும் நீச்சல் உடுப்புமாகப் பிள்ளைகள் மடியில் வைத்துக்கொண்டு இருக்க, சென்டர் ஐலண்ட் பக்கத்தால் கடந்து போகும். இறங்கிக் கேட்டால், "இது சுற்றுலாப் படகு, ரிக்கற்றில் எழுதியிருக்கிறது" என்பார்கள். எழுதித்தான் இருக்கும், சின்ன எழுத்தில். சுற்றிப் பார்க்கும் படகில் பிழையில்லை. தீவுக்குப் போகிற சனத்துக்கு அதை விற்பதுதான் பிழை.

காசு கொடுக்கமுதல் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படகு தீவில் இறக்குமா? எந்தத் துறையில் இறக்கும்? திரும்பி வருகிற காசும் இதற்குள்ளேயா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் விலகி நடவுங்கள்.

மாநகரசபையின் ஃபெரி புறப்படுவது ஒரே இடத்திலிருந்துதான்: ஜாக் லேட்டன் ஃபெரித் துறை. பே வீதி ஏரியில் முட்டும் இடத்தில் பெரிய ஹோட்டலை ஒட்டி இருக்கிறது. யூனியன் ரயில் நிலையத்தில் இருந்து 509 அல்லது 510 இலக்க ஸ்ரீற்கார் (வீதி ரயில்) எடுத்தால், நிலத்துக்குக் கீழே முதல் நிறுத்தமே ஃபெரித் துறைக்கானது. நடந்தால் கால் மணி. அங்கே கட்டுகிற ஒரே கட்டணத்துக்குள் போகவும் வரவும் அடக்கம். முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் குறைவு, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இலவசம். தீவுப் பக்கத்தில் ரிக்கற் விற்பதுமில்லை, கேட்பதுமில்லை. ஆகவே திரும்பும்போது "ரிற்றேண் ரிக்கற்" என்று யாராவது நீட்டினால் அது பொய்.

ஒன்லைனில் வாங்குவதென்றால் மாநகரசபையின் இணையத்தளத்துக்கு நேராகப் போய் வாங்குங்கள். தேடும்போது மேலே வருகிற விளம்பரங்களில், தீவுப் படத்தைப் போட்டுவிட்டுச் சுற்றுலாப் படகை விற்பவையும், அதே ரிக்கற்றுக்குச் "சேவைக் கட்டணம்" சேர்த்து விற்பவையும் கலந்திருக்கும். ஒன்லைன் ரிக்கற்றால் மிச்சப்படுவது ரிக்கற் வாங்கும் வரிசை மட்டும்தான். படகில் ஏறும் வரிசை எல்லோருக்கும் ஒன்றே. "இந்த ரிக்கற் இருந்தால் முன்னுக்குப் போகலாம்" என்பவரை நம்பவேண்டாம்.

வரிசையில் நிற்கும்போது கைபேசியில் ஒரு கியூஆர் படத்தைக் காட்டி, "எங்களுக்கு இரண்டு கூடிப்போச்சு, பாதி விலைக்கு எடுங்கோ" என்று விற்பவர்களிடம் இன்னும் கவனம். ஒரு குறியீடு ஒருதரம்தான் வேலை செய்யும். அதே படத்தை ஐந்து பேருக்கு அனுப்பினால் முதலில் ஸ்கான் செய்தவர் உள்ளே போவார், மற்ற நான்கு பேரும் வாசலில் நிற்பார்கள். காசு வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் இன்ரரக் ஈ-ட்ரான்ஸ்ஃபரில் போயிருக்கும், திருப்பி எடுக்க வழியில்லை.

இந்த வியாபாரமெல்லாம் நடப்பதற்குக் காரணம் அந்த வரிசைதான். ஜூலை, ஓகஸ்ட் வார இறுதியில் நண்பகலுக்குப் போனால் வெயிலில் ஒரு மணிநேரத்துக்கு மேல் நிற்க நேரும். ஃபெரிகள் பழசு: சாம் மெக்பிரைட் 1939ஆம் ஆண்டினது, தோமஸ் ரெனி 1951, ட்ரில்லியம் 1910. ஒன்று பழுதாகி நின்றால் வரிசை இரட்டிப்பாகும். குழந்தை அழ, வயதானவர்களுக்குத் தலைசுற்ற, எவர் வந்து "உடனே ஏறலாம்" என்றாலும் காசை நீட்டத் தோன்றும். காலை பத்து மணிக்கு முன்னம் துறையில் நின்றால் இந்த நிலை வராது. முடிந்தால் வார நாளில் போங்கள்.

வோட்டர் டக்ஸி (ஆட்களைத் தீவுக்கு ஏற்றி இறக்கும் தனியார் சிறு படகு) உண்மையான சேவை, சில நிமிடத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் அவர்கள் சொல்கிற விலை ஒருவருக்கு, ஒரு வழிக்கு. ஐந்து பேர் கொண்ட குடும்பம் போகவர அதைப் பத்தால் பெருக்கவேண்டும், வரி வேறு. ஒரு நிறுவனத்தின் ரிக்கற்றை மற்ற நிறுவனத்தின் படகில் ஏற்கமாட்டார்கள், ஃபெரியிலும் செல்லாது. ஸ்ரோலருக்கும் சைக்கிளுக்கும் தனிக் காசு உண்டா என்று ஏறமுதலே கேளுங்கள், இறங்கும்போது சண்டை பிடிக்காதீர்கள். காற்று எழும்பினால் மாலையில் சேவை நின்றுவிடலாம். பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் கால் வைக்கவே வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

இறக்கும் இடமும் முக்கியம். தீவில் மூன்று துறைகள்: வார்ட்ஸ் ஐலண்ட், சென்டர் ஐலண்ட், ஹான்லன்ஸ் பொயின்ற். பிள்ளைகளின் கேளிக்கைச் சவாரிகள் சென்டர் பக்கத்தில். வார்ட்ஸில் இறங்கினால் அங்கே போக அரை மணிக்குக் குறையாத நடை, ஹான்லன்ஸில் இறங்கினால் இன்னும் கூட. "எல்லாம் ஒரே தீவுதான், கிட்டத்தான்" என்று சொல்லி, வோட்டர் டக்ஸிக்காரர் தங்களுக்கு வசதியான துறையில் இறக்கிவிடுகிறார்கள் என்பது வழக்கமான முறைப்பாடு. முழங்கால் வருத்தமுள்ள அம்மம்மாவோடு நண்பகல் வெயிலில் அந்தத் தூரம் நடப்பது சின்ன விசயமில்லை. ஹான்லன்ஸ் கடற்கரையின் ஒரு பகுதியில் உடையின்றி இருக்க மாநகரசபை அனுமதித்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே வருபவர்கள் சட்டப்படிதான் வருகிறார்கள். முன்னறிவித்தல் இல்லாமல் போய்ச் சேரும் எங்கள் குடும்பங்கள்தான் திகைத்து நிற்கின்றன.

சென்டர்வில் கேளிக்கைப் பூங்காவுக்குள் நுழையக் காசு இல்லை. காசு சவாரிக்கு மட்டும். நாள் முழுவதுக்குமான பாஸ் விலை பிள்ளையின் உயரத்தைப் பொறுத்து மாறும், எல்லை நாலு அடி. வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். இடியோடு மழை என்று வானிலை சொன்னால் பாஸ் வாங்காமல், தேவைக்கு ஏற்ற சவாரி ரிக்கற் கொஞ்சமாக எடுங்கள். மழைக்குச் சவாரி நின்றால் காசு திரும்பும் என்று எண்ணி இருக்கவேண்டாம். மே மாதமும் செப்ரெம்பரிலும் வார நாளில் பெரும்பாலும் பூட்டியிருக்கும்.

ஊர்ச்சங்க ஒன்றுகூடல், பழைய மாணவர் பிக்னிக் என்று காசு சேர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். 25 பேருக்கு மேல் கூடினால் மாநகரசபையின் பெமிற் (அனுமதிப் பத்திரம்) வேண்டும். "இடம் புக் பண்ணியாச்சு" என்று ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குபவரிடம் அந்தப் பெமிற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். திகதி, நேரம், இடம், எத்தனை பேர் என்பவை அதில் இருக்கும். ஃபெரிக் காசு அதற்குள் அடங்காது. சைக்கிள் கொண்டுபோவோர், வார இறுதியில் சென்டர் ஃபெரியில் ஏற்றவிடாமல் மறிப்பார்கள் என்பதால் வார்ட்ஸ் அல்லது ஹான்லன்ஸ் படகை எடுங்கள்.

காரில் போனால், பாக்கிங் மெசினில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்ரிக்கரைத் தொடவேண்டாம். மேலே வேறொருவர் ஒட்டிய போலி ஸ்ரிக்கர் உங்கள் காட் விபரத்தை அள்ளிக்கொண்டு போகும், கட்டாத பாக்கிங்குக்குத் தண்டமும் வரும். மெசினிலேயே கட்டுங்கள், அல்லது முன்பே தரவிறக்கி வைத்த செயலியில். தனியார் தரிப்பிடத்தில் நாள் முழுவதுக்குமான விலை எத்தனை மணியோடு முடிகிறது என்பதைப் பலகையில் வாசியுங்கள், பலகையைப் படமும் எடுங்கள்.

திரும்பும்போது மாலை ஐந்திலிருந்து எட்டு வரை சென்டர் துறையில் பெருங்கூட்டம். நடக்கக்கூடியவர்கள் வார்ட்ஸ் துறைக்குப் போய் ஏறலாம். எந்தத் துறையில் ஏறினாலும் ஃபெரி அதே ஜாக் லேட்டன் துறைக்குத்தான் வரும்.

ஏற்கனவே ஏமாந்திருந்தால்: கிரெடிற் காட்டில் கட்டியிருந்தால் வங்கிக்கு உடனே எடுத்து, சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று மறுப்புப் பதியுங்கள். ரிக்கற், விளம்பரத்தின் படம், விற்றவரோடு நடந்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். போலி ரிக்கற் என்றால் கனேடிய மோசடித் தடுப்பு மையத்தின் 1-888-495-8501 இலக்கத்துக்கு அறிவியுங்கள். ஃபெரித் துறைக்குள் அல்லது பூங்காவில் நடந்ததென்றால் மாநகரசபையின் 311 இலக்கத்துக்கு அழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டால் தமிழிலும் பேசலாம்.